எண்ணெய் தீரும் சத்தம்

இதை எனக்கு முதலில் சொன்னவர் மாலை கட்டும் செங்கமலம் அக்கா. என் கடைக்குட்டி பத்தாவது எழுதின வருஷம், ஒரு பங்குனி வெள்ளிக்கிழமை, கோயில் பிரகாரத்தில் கரண்ட் போன நேரத்தில் சொன்னார்.

"மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, சாமியம்மா. எனக்கு எப்பத்தான் தீட்சை கொடுப்பீங்க?" என்று கேட்டார் வைரக்கண்ணு.

வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். கடலோரத்து மடத்துக்கு வந்து எட்டு மாசம் ஆகியும் கைக்கடிகாரத்தைக் கழற்றவில்லை.

குருவான சாமியம்மாவுக்கு நாற்பதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கும்.

அன்று புயல் எச்சரிக்கை. மீனவக் குடும்பங்கள் மடத்துக் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தன. சாமியம்மா அவர்களுக்கு விளக்கு செய்துகொண்டிருந்தார். கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர். மேலே ஒரு கரண்டி எண்ணெய். எண்ணெயில் மிதக்க ஒரு தக்கை, தக்கையின் துளையில் திரி.

ஒன்றை ஏற்றி வைரக்கண்ணு முன்னால் வைத்தார்.

"எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணியில பட்டுத் தானா அணையும். அப்ப என்ன சத்தம் வருதுன்னு கேட்டு வந்து சொல்லுங்க. தீட்சை கொடுக்கறேன்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

வைரக்கண்ணு உட்கார்ந்தார். மணி பார்த்தார்.

திரி சாய்ந்த மாதிரி தெரிந்தது. ஈர்க்குச்சியால் நிமிர்த்தினார். தக்கை கவிழ்ந்தது.

இரண்டாவது விளக்கு புகைந்தது. திரியின் கருக்கைக் கிள்ளினார். அணைந்தது.

மூன்றாவதில் எண்ணெய் குறையக் குறைய அவருக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டார். அது அணைகிற வழியாக இல்லை.

நான்காவதை ஏற்றிவிட்டு, காற்று எப்படி இருக்கிறதென்று வாசல்வரை நாலு தடவை போய் வந்தார். ஐந்தாம் தடவை வந்தபோது அணைந்திருந்தது.

கூடத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்த மீனவப் பெண் மரியபுஷ்பம் சிரித்துவிட்டாள். "ஏண்ணே, விளக்கையும் பஸ் மாதிரி விசிலடிச்சுத்தான் கிளப்புவீங்களோ?"

வைரக்கண்ணு ஐந்தாவதை ஏற்றினார்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மரியபுஷ்பத்தின் மாமியாருக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. மாத்திரை போட்டும் அடங்கவில்லை. அந்தக் காற்றில் எந்த வண்டியும் வராது.

"அண்ணே, கொஞ்சம் ஆத்தாவைப் பாத்துக்குங்க. பின்கட்டுல ஓடு பறக்குது, அங்கே இருக்கிற சனத்தை இந்தப் பக்கம் கூட்டியாரணும்" என்று ஓடினாள்.

வைரக்கண்ணு விளக்கைக் கிழவியின் பக்கத்தில் வைத்தார். அவளால் படுக்க முடியவில்லை. தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் அவர் மணிக்கட்டைக் கடிகாரத்தோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா ஆத்தா. மெதுவா விடு. ம்... இப்ப இழு."

மூச்சு வந்தது. பிறகு வரவில்லை.

"இழு ஆத்தா."

வந்தது.

கதவு அடித்தது. எங்கோ ஒரு மரம் முறிந்து விழுந்தது. அவர் திரும்பவில்லை.

வெகுநேரம் கழித்து இழுப்பு தணிந்தது. கிழவி அவர் தோளிலேயே தூங்கிப்போனாள்.

வேறொரு விளக்கோடு வந்த மரியபுஷ்பம் திகைத்து நின்றாள். "என்னண்ணே, இருட்டுல உட்கார்ந்திருக்கீங்க?"

அப்போதுதான் பார்த்தார். டம்ளரில் வெறும் தண்ணீர். தக்கை ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது.

கிழவியை மருமகளிடம் விட்டுவிட்டு எழுந்து போனார். சாமியம்மா கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இதுவும் போச்சு, சாமியம்மா. எப்ப அணைஞ்சுதுன்னே தெரியலை. சத்தமே எனக்குக் கேக்கலை."

"வேற என்ன கேட்டுச்சு?"

"அந்த ஆத்தாவோட மூச்சுதான்."

சாமியம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் இங்கே வந்து பதினாறு வருஷமாச்சு. எனக்கும் அந்தச் சத்தம் இன்னும் கேட்டதில்லை."

சொல்லிவிட்டு, வைரக்கண்ணு உட்காரப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

கேட்டவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். அடுத்த மழைக்குக் கரண்ட் போனால், எதிர்வீட்டில் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு தரம் எட்டிப் பாருங்கள்.