கடலைக்கொடியைப் பழித்த கடமான்

அன்று காட்டோரக் குளக்கரையில் இருந்தவர்கள்: எருமை ஒன்று, பிறந்து இருபது நாளான அதன் கன்று ஒன்று, வெள்ளாடுகள் மூன்று, கழுதை ஒன்று, கடமான் ஒன்று. ஆக ஏழு பேர். ஒரு கொக்கும் நின்றது. அது யாரிடமும் பேசவில்லை, அதனால் சேர்க்கவில்லை.

கோடை பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. புல் காய்ந்துவிட்டது. ஆனாலும் எருமைக்கும் ஆடுகளுக்கும் கழுதைக்கும் கவலை இல்லை. பாறைக்குப் பின்னால் அறுபது கட்டு கடலைக்கொடி சேர்த்து வைத்திருந்தார்கள். மனிதர்கள் கடலையை ஆய்ந்துகொண்டு வயலில் விட்டுப்போன கொடி அது. கழுதை சுமந்து வந்தது. ஆடுகள் புரட்டிப் புரட்டி, இலை உதிராமல் காயவைத்தன. மழை வரும்வரை நாளுக்கு ஒரு கட்டு என்பது ஏற்பாடு. நான்கு கட்டு தின்றதிலேயே எருமையின் பால் கெட்டிப்பட்டிருந்தது.

கடமான் ஒரு கொடியை மோந்து பார்த்து முகம் சுளித்தது.

“சீ! மனிதன் வேண்டாமென்று எறிந்த குப்பை! இதையா தின்கிறீர்கள்?”

“கடலையைத்தானே எடுத்தான்? இலை அப்படியே இருக்கிறதே!” என்றது கழுதை.

“நீ சுவரொட்டி தின்கிறவன்! உன்னை யார் கேட்டது? எருமையக்கா, உன் பாலில் குப்பை வாடை வீசுகிறது. அதையா பிள்ளைக்குக் கொடுக்கிறாய்?”

எருமை தலை குனிந்தது. ஆடுகளும் வாயிலிருந்த கொடியைக் கீழே போட்டன.

“மீதிக் கொடியை என்ன செய்வது?” என்று கேட்டது மூத்த ஆடு.

“கவலை வேண்டாம்! அப்புறப்படுத்தும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்!” என்றது கடமான்.

பதினொரு நாள் யாரும் பாறைப் பக்கம் போகவில்லை. காய்ந்த புல்லின் அடிக்கட்டையைக் கடித்தார்கள். எருமையின் பால் தண்ணீராகி, பிறகு அதுவும் வற்றியது. பதினோராம் நாள் கன்று எழுந்தது, கால் மடங்கி விழுந்தது.

“ஐயோ, என் பிள்ளையால் நிற்க முடியவில்லையே!” என்று எருமை கதறியது.

“வாடையாவது ஒன்றாவது! வா அக்கா, ஒரு கட்டு எடுத்து வருவோம்!” என்றது கழுதை.

ஆடுகளும் கூடவே ஓடின. பாறைக்குப் பின்னால் கடமான் நின்றது. வாய் நிறையக் கொடி. கொம்பெல்லாம் கொடி.

“அப்புறப்... படுத்துகிறேன்” என்றது, மென்றுகொண்டே.

“எங்கே, உன் வயிற்றுக்குள்ளா?” மூத்த ஆடு கட்டுகளை எண்ணியது. “நாளுக்கு மூன்று கட்டு! வெட்கம் கெட்டவனே!”

எருமை முன்னே வந்தது. “பசி எல்லோருக்கும் உண்டு. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமடா! என் பாலைப் பழித்து, என் பிள்ளையையா பட்டினி போட்டாய்?”

கொம்பைத் தாழ்த்திப் பாய்ந்தது. கடமான் குளத்தில் விழுந்து, எழுந்து, திரும்பிப் பாராமல் காட்டுக்குள் ஓடியது.

எருமை அன்றே வயிறாரத் தின்றது. நான்காம் நாள் கன்று எழுந்து நின்று பால் குடித்தது. அதன்பின் எல்லோருக்கும் அரை வயிறுதான். அப்படித்தான் மழையைக் கண்டார்கள்.

ஊட்டி வளர்க்கும் உணவை, அடுத்தவன் முகம் சுளித்தான் என்பதற்காக விசாரியாமல் கைவிடுகிறவருக்கு, அறுபது கட்டில் மிஞ்சுவது இருபத்து மூன்றுதான்.