நடை சாத்திய சங்கு

திருச்சங்குத்துறைச் சந்தையில் மீன் அறுத்துக் கொடுத்துப் பிழைத்த அம்மையார் பவளக்கொடியார். வேலை முடிந்ததும் கை கழுவிக்கொண்டு, கடல் வற்றிக் கிடக்கும் பாறைத் திட்டுக்குப் போய்விடுவார். கடற்கரைக் கோயிலில் சங்குத்துறை நாதரைத் தரிசிக்க வரும் வெளியூர்க்காரர்களுக்குக் கடலட்டையையும் நட்சத்திர மீனையும் காட்டி, புரட்டிய கல்லைப் பழையபடி வைக்கச் சொல்லுவார். கூலி கிடையாது. நாதரின் குடும்பத்தாரைக் காட்டுவதே தம் பூசை என்றிருந்தார்.

அவர் ஓயாமல் சொல்லும் சொல் ஒன்று உண்டு. சங்கின் வாய் மூடியிருந்தால், "நடை சாத்திருக்கு, உள்ள ஆளு இருக்காவ. எடுக்காதிய" என்பார். "மீன் வெட்டுற கைக்குச் சங்கு மேல எரக்கமாக்கும்!" என்று சந்தையே சிரித்தது. "பசிச்சவுகளுக்கு வெட்டிக் குடுக்கேன். அலமாரில வைக்க ஒண்ணையும் கொன்னதில்ல" என்று அவரும் விடமாட்டார்.

ஒரு புயலுக்குப் பின் பாறைக் குழியில் உயிருள்ள வலம்புரிச் சங்கு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. பவளக்கொடியார் பூரித்துப்போய், வந்தவர்க்கெல்லாம் அதைக் காட்டினார். அதுதான் வினையாயிற்று. செய்தி கோயில் தர்மகர்த்தா பூபாலர் காதுக்கு எட்டியது. மறுநாள் சங்காபிஷேகம். வலம்புரியால் நாதரை நீராட்டிப் பேர் வாங்க ஆசைப்பட்ட பூபாலர் ஆட்களோடு வந்து நின்றார்.

பவளக்கொடியார் குழிக்குள் இறங்கி மறித்தார். "நடை சாத்திருக்குய்யா. உள்ள ஆளு இருக்காவ."

"அப்படியா? ஒனக்கும் இன்னையோட கோயில் நடை சாத்தியாச்சு. இனி உள்ள கால் வைக்காத!"

ஆட்கள் அவரை இழுத்துவிட்டுச் சங்கைக் கடல்நீர் நிறைத்த அண்டாவில் போட்டுக்கொண்டு போனார்கள். காலையில் சதையை எடுத்துவிடுவதாகத் திட்டம்.

அன்று மாலை கோபுரத்துக்கு வெளியே நின்ற பவளக்கொடியார் கும்பிடவில்லை. நேரே நாதரிடமே சண்டைக்குப் போனார். "ஒரு உசுரக் கொன்னுதான் குளிப்பீருன்னா நீரு அழுக்காவே கெடயும்! ஒம்ம நடையும் வேண்டாம், ஒம்ம திருநீறும் வேண்டாம்!" சொல்லிவிட்டு அழுதார். நாதரை விட்டால் அவருக்கு வேறு யார்?

விடிந்ததும் குருக்கள் கருவறைப் பூட்டைத் திறந்தார். கதவு அசையவில்லை. ஆட்கள் சேர்ந்து தள்ளியும் பயனில்லை. கதவில் காது வைத்த குருக்களுக்கு உள்ளே அலையடிப்பது கேட்டது. அவர் கதவை விட்டு விலகிப் பூபாலரைப் பார்த்தார். "நடை சாத்தியிருந்தா உள்ள ஆள் இருக்கான்னு அந்த அம்மா சொல்லுவாளே..."

பூபாலர், சதையெடுக்கக் கத்தியோடு வந்தவனை விலக்கிவிட்டு, அண்டாவைத் தாமே தூக்கிப் பாறைத் திட்டுக்கு ஓடினார். அங்கே நின்ற பவளக்கொடியார் சங்கை வாங்கிக் குழியில் விட்டார். நெடுநேரம் கழித்துச் சங்கு மெல்ல நடை திறந்தது. அதே கணம் கோயில் மணி தானே ஒலிக்க, கருவறைக் கதவும் திறந்தது. நாதர் திருமுடியில் ஈர மணலும் ஒரு பாசிக்கொடியும் இருந்தன. உப்புநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அபிஷேகம் முடிந்திருந்தது.

கோயிலார் பரிவட்டத்தோடு பவளக்கொடியாரை அழைக்க வந்தார்கள். அவரைச் சுற்றி வெளியூர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். "தண்ணி ஏறுமுன்ன இவுகளுக்குக் காட்டிட்டு வாரேன். அவரு எங்கயும் போயிற மாட்டாரு" என்றார் பவளக்கொடியார்.

அவர் வந்து நிற்கும்வரை கற்பூரம் எத்தனை முறை ஏற்றியும் பற்றவில்லையாம். இறைவனையே காக்க வைத்த பவளக்கொடியாரின் ஈரப் பாதங்களை வணங்குவோம்.