ஈட்டியப்பன் மாற்றிய கூண்டு வண்டி

மருதங்காட்டில் ஒரு முள்ளம்பன்றித் தம்பதி இருந்தார்கள். கணவன் பெயர் ஈட்டியப்பன். மனைவி பெயர் ஊசியம்மா. ஓர் இடத்தில் தங்குகிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. மலையடிவாரத்தில் வள்ளிக்கிழங்கு முற்றினால் அங்கே போவார்கள். ஆற்றுப் படுகையில் கோரைக்கிழங்கு கிடைத்தால் அங்கே போவார்கள். போவதற்கும் படுப்பதற்கும் ஒரே கூண்டு வண்டி. அதை இழுப்பதற்குப் பொதியன் என்ற கழுதை.

வண்டி ஈட்டியப்பனின் அப்பா செய்தது. வேங்கை மரச் சட்டம். பனையோலைக் கூரை. முன்னும் பின்னும் மூங்கில் தட்டி. ஒரு காலத்தில் அந்த வண்டி போனால் மான்கள்கூட மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்க்கும். இப்போது சக்கரம் கிறீச்சிட்டது. உள்ளே ஒரு பலகை ஆடியது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மழை வந்தால் கூரை ஒழுகியது.

அந்த வருஷம் ஊசியம்மா நிறைமாதம்.

"ஏங்க! இந்த ஓட்டை வண்டியிலயா நம்ம குட்டி பிறக்கணும்?" என்று ஒருநாள் அவள் ஆரம்பித்தாள். "பிறந்த குட்டிக்கு முள்ளு பூ மாதிரி மெத்துன்னு இருக்கும். ஒரு மழை நனைஞ்சா தாங்குமா? வேற வண்டி பாருங்க!"

"மெதுவாப் பேசு!" என்றான் ஈட்டியப்பன். "உள்ளே வா. தட்டியைச் சாத்து."

அவர்கள் குலத்தில் அப்படி ஒரு வழக்கம். குடும்ப விஷயத்தை வெளியே நின்று பேசக் கூடாது. காட்டில் யாருக்குத்தான் காது இல்லை? அதனால் வண்டிக்குள் ஏறி, இரண்டு தட்டியையும் சாத்திக்கொண்டுதான் எதையும் பேசுவார்கள். மிகவும் கௌரவமான வழக்கம். ஆனால் முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தால் முள் விறைத்து நிற்கும். சந்தோஷம் வந்தாலும் நிற்கும். வழக்கத்தை ஏற்படுத்திய பெரியவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க மறந்துவிட்டார்கள்.

"இது எங்கப்பா செஞ்ச வண்டி!" என்று உள்ளே போனதும் ஈட்டியப்பன் சீறினான். "இதையா மாத்தச் சொல்றே?"

"உங்கப்பா செஞ்சதுன்னு மழைக்குத் தெரியுமா?" என்று ஊசியம்மாவும் சீறினாள்.

அவன் முள் நின்றது. அவள் முள்ளும் நின்றது. தலைக்கு மேலே ஓலை 'பொத் பொத்' என்று கிழிந்தது. சண்டை மும்முரத்தில் இருவர் காதிலும் அது விழவில்லை.

மறுநாள் ஊசியம்மா அண்ணாந்து பார்த்தாள். "பாத்தீங்களா! நேத்து இல்லாத ஓட்டையெல்லாம் இன்னைக்கு இருக்கு!"

ஈட்டியப்பனும் பார்த்தான். பெருமூச்சு விட்டான். "வண்டிக்கு வயசாயிடுச்சு" என்றான்.

அதன் பிறகு அவர்கள் தினமும் அதைப் பற்றிப் பேசினார்கள். வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? காலையில் பேசினார்கள். சாப்பிட்டுவிட்டுப் பேசினார்கள். எவ்வளவு பேசினார்களோ அவ்வளவுக்கு வண்டிக்கு வயசு கூடிக்கொண்டே போனது.

கடைசியில் ஈட்டியப்பன் ஒரு முடிவுக்கு வந்தான். "நானே கூரையைச் சரி பண்றேன்!" என்றான். பனை மரத்தடிக்குப் போனான். நல்ல ஓலையாகப் பொறுக்கி வந்தான். நாள் முழுவதும் கூரை மேலே உட்கார்ந்து வேய்ந்தான். உண்மையிலேயே நன்றாகத்தான் வேய்ந்திருந்தான்.

"வா, வந்து பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டான். இருவரும் உள்ளே ஏறினார்கள். ஒரு பொட்டு வெளிச்சம்கூடக் கூரை வழியாக வரவில்லை.

"அடேயப்பா! நீங்களா செஞ்சீங்க?" என்று ஊசியம்மா கேட்டாள்.

பெண்டாட்டி அப்படிக் கேட்டால் எந்தப் புருஷனுக்குத்தான் புல்லரிக்காது? ஈட்டியப்பனுக்கும் புல்லரித்தது. மேலே 'பொத் பொத் பொத்' என்றது. அன்றைக்கு அடித்த தூறலில் இருவரும் நனைந்தார்கள்.

"இனிமே இது தேறாது" என்றான் ஈட்டியப்பன். "புது ஓலைகூடத் தங்க மாட்டேங்குது. சட்டமே உளுத்துப்போச்சு போல. மாத்திடலாம்."

அவன் மாற்றலாம் என்று சொன்னதும் ஊசியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"மாத்துறதா? நான் கல்யாணமாகி வந்து ஏறின வண்டிங்க இது! இந்தப் பலகையிலதான் முதல்முதலா உங்ககூட உக்காந்து கிழங்கு தின்னேன்!"

"நீதானே மாத்தணும்னே?"

"சொன்னேன். நீங்க வேண்டாம்னு சொல்வீங்கன்னு நினைச்சேன்!"

இருவரும் இடம் மாறிக்கொண்டு இன்னொரு வாரம் சண்டை போட்டார்கள். அவன் மாற்ற வேண்டும் என்றான். அவள் கூடாது என்றாள். கூரைக்கு இரண்டும் ஒன்றுதான். வாரக் கடைசியில் படுத்துக்கொண்டே வானம் பார்க்கும் நிலைமை வந்தது. குட்டியை நினைத்து ஊசியம்மா மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"சரி, போங்க. மாத்துங்க" என்றாள். அழுதுவிட்டாள்.

ஓடைக்கு அக்கரையில் ஆலமரத்தடியில் மாசிலாமணி என்ற மரநாய் வண்டி வியாபாரம் செய்துவந்தான். உடம்பு முழுக்கப் புள்ளி. பெயர் மட்டும் மாசிலாமணி. பழைய வண்டியை வாங்கிப் புதிய வண்டி கொடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"வாங்கண்ணே! வாங்க அண்ணி!" என்று ஓடிவந்தான். பழைய வண்டியைச் சுற்றிவந்தான். சக்கரத்தைத் தட்டினான். சட்டத்தை நகத்தால் கீறிப் பார்த்தான். உள்ளே ஏறிக் கூரையை அண்ணாந்து பார்த்தான். பிறகு திரும்பி ஈட்டியப்பனின் முதுகைப் பார்த்தான். மறுபடியும் கூரையைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏண்ணே, இந்த ஓட்டையெல்லாம் எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டான்.

"வயசுதான் தம்பி!" என்றான் ஈட்டியப்பன்.

"வயசு!" என்று மாசிலாமணி தலையை ஆட்டினான். "நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்."

வியாபாரி மோசம் பண்ணிவிட்டான் என்று பிற்பாடு ஈட்டியப்பன் கத்தினான். பாவம், மாசிலாமணி அன்றைக்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதற்கு அவசியமே ஏற்படவில்லை.

அவன் காட்டிய புது வண்டி பளபளவென்று இருந்தது. கூரை மழமழவென்று மெழுகியிருந்தது. ஜன்னலுக்குத் திரைச்சீலை. முகப்பில் மயில் இறகு. ஊசியம்மாவுக்கு அழுகை நின்றுவிட்டது.

"ஒரு சொட்டு உள்ளே வராது அண்ணி! கூரையை யாரும் குத்தாம இருந்தாப் போதும்!" என்றான் மாசிலாமணி.

"கூரையைப் போய் யாருப்பா குத்தப்போறா?" என்று ஊசியம்மா சிரித்தாள்.

பழைய வண்டியையும் கொடுத்தார்கள். குட்டி பிறந்த பிறகு சாப்பிடுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த கிழங்கு மூட்டைகளையும் கொடுத்தார்கள். மாசிலாமணி மறுநாளே பழைய கூரைக்கு ஓலை போட்டு, அந்த வண்டியை ஒரு நத்தைக் குடும்பத்துக்கு விற்றான். இன்றுவரை அது ஒழுகவில்லை என்று கேள்வி.

புது வண்டியை வாங்கியதும் ஈட்டியப்பன் பொதியனிடம், "எப்படி இருக்கு வண்டி?" என்று பெருமையாகக் கேட்டான்.

"கனமா இருக்கு" என்றான் பொதியன்.

"அழகைச் சொல்லுடா!"

"எனக்கு முதுகுப் பக்கம் கண் இல்லைங்க."

தம்பதி உள்ளே ஏறினார்கள். தட்டியைச் சாத்தினார்கள். புது வண்டி வாசனை மூக்கில் ஏறியது. ஊசியம்மா ஈட்டியப்பனைப் பார்த்தாள். ஈட்டியப்பன் ஊசியம்மாவைப் பார்த்தான். இருவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

பொத் பொத் பொத் பொத்!

சற்று நேரம் கழித்து ஊசியம்மா மேலே கையைக் காட்டினாள். "ஏங்க, அங்க பாருங்க! குட்டிக் குட்டியா வெளிச்சம் வருது. எவ்வளவு அழகா இருக்கு!"

"காத்தோட்டத்துக்கு வெச்சிருக்கான்!" என்றான் ஈட்டியப்பன். "புது மாடல் இல்லையா! நம்ம பழைய வண்டியில இதெல்லாம் ஏது?"

இருவரும் மாசிலாமணியின் மூளையை மெச்சிக்கொண்டே ஆற்றங்கரைக்குப் புறப்பட்டார்கள். கையில் கிழங்கு இல்லை. ஆற்றுப் படுகையில் கோரைக்கிழங்கு தோண்டிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனார்கள். வழியெல்லாம் புது வண்டியைப் பற்றியே பேசினார்கள். காற்றோட்டமும் கூடிக்கொண்டே வந்தது.

ஆற்றை நெருங்கும்போது வானம் இருண்டது. மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையல்ல, பேய்மழை. கனமான வண்டியின் சக்கரம் சேற்றில் அச்சு வரைக்கும் புதைந்தது. பொதியன் முட்டிபோட்டு இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

உள்ளே கூரையின் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் தண்ணீர் கொட்டியது. படுக்கை மிதந்தது. அந்த நேரம் பார்த்து ஊசியம்மாவுக்கு இடுப்பு வலி எடுத்தது.

"ஏங்க! குட்டி வரப்போகுது!" என்று அலறினாள். "நனைஞ்சிடுமே! என் குட்டி நனைஞ்சிடுமே!"

ஈட்டியப்பன் தன் உடம்பால் தண்ணீரை மறைக்கப் பார்த்தான். பயத்தில் அவன் முள்ளெல்லாம் எழுந்து நின்றது. அதற்கு மேல் தண்ணீர் வருவதற்குக் கூரையில் இடம் பாக்கியில்லை.

நல்லவேளை, சற்று மேட்டில் ஒரு பழைய வண்டி நின்றது. அதில் தும்பை என்ற முயல் தன் பிள்ளைகளோடு குடியிருந்தாள். அலறல் கேட்டு மழையில் ஓடிவந்தாள். நிலைமையைப் பார்த்தாள்.

"அக்கா, என் தோளைப் பிடிச்சுக்குங்க! நம்ம வண்டிக்குப் போயிடலாம்!" என்றாள்.

தும்பையின் வண்டி மிகவும் பழசு. சக்கரம் இரண்டும் இரண்டு அளவு. ஜன்னல் கிடையாது. ஆனால் உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. காய்ந்த வைக்கோலில் ஊசியம்மா குட்டி போட்டாள். உள்ளங்கை அளவு குட்டி. முள் மயிரைப் போல மெத்தென்று இருந்தது. கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தது. ஊசியம்மா களைத்துப்போய்ச் சத்தமில்லாமல் சிரித்தாள்.

வெளியே காத்திருந்த ஈட்டியப்பனைத் தும்பை உள்ளே கூப்பிட்டாள். அவன் குட்டியைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். அவனுக்கு ஆச்சரியம்.

"ஏம்மா, இந்த வண்டிக்கு என்ன வயசு இருக்கும்?"

"யாருக்குத் தெரியும் அண்ணே? எங்க தாத்தா காலத்து வண்டி."

"ஒழுகாதா?"

தும்பைக்குக் கேள்வி புரியவில்லை. "ஏன் ஒழுகணும்?" என்று கேட்டாள்.

ஈட்டியப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. "தாத்தா காலத்து வண்டி ஒழுகலை! நேத்து வாங்கின வண்டி ஒழுகுது! மாசிலாமணி என்னை மோசம் பண்ணிட்டான்! அந்தத் திருட்டு மரநாயை நான்..."

பொத் பொத் பொத் பொத் பொத்!

இந்த முறை சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தும்பையின் பிள்ளைகள் ஐயோ என்று கத்தின. தாத்தா காலத்துக் கூரையில் வரிசையாக ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியது. முதல் சொட்டு குட்டியின் நெற்றியில் விழுந்தது. குட்டி உடம்பைச் சுருக்கிக்கொண்டு வீல் என்று அழுதது.

ஈட்டியப்பன் மேலே பார்த்தான். அவன் முட்கள் இன்னும் ஓலைக்குள்தான் சொருகிக்கொண்டு நின்றன. அவற்றின் ஓரமாகத்தான் தண்ணீர் வழிந்தது. தன் வண்டியாக இருந்திருந்தால் அப்போதும் வயசு என்று சொல்லியிருப்பான். அடுத்தவர் வண்டியில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

தும்பை அவனைத் திட்டவில்லை. குட்டியை வைக்கோலோடு நனையாத மூலைக்கு நகர்த்தினாள். பிறகு பணிவாக, "அண்ணே, கோச்சுக்காதீங்க. கொஞ்சம் வெளியே நிக்கிறீங்களா?" என்றாள்.

அவன் முட்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டான். உடம்பைக் குறுக்கி வெளியே இறங்கினான். கொட்டுகிற மழையில் பொதியனுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

உள்ளேயிருந்து ஊசியம்மாவின் குரல் வந்தது. "ஏங்க... அப்போ நம்ம பழைய வண்டி?"

ஈட்டியப்பன் சேற்றில் புதைந்து நின்ற புது வண்டியைப் பார்த்தான். "அது நல்லாத்தான் இருந்துச்சு ஊசி" என்றான். "ஓட்டையெல்லாம் நான் போட்டது."

"நானும்தாங்க" என்றாள் அவள்.

ஒரு பொருள் பழசாகிவிட்டது என்று மாற்றுவதற்கு முன்னால், அதைப் பழசாக்கியது யார் என்று பார்க்காதவர், எத்தனை புதிது வாங்கினாலும் நனைந்துகொண்டேதான் இருப்பார்.