பந்து இல்லாத பக்கம்

லீக்கில் ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். தூத்துக்குடிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். யாரை வெளியே அனுப்புவது என்று இருட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, அணியை நடத்தும் கம்பெனியின் மேனேஜர் காலையிலேயே போன் செய்துவிட்டார்.

தலைமைப் பயிற்சியாளரான மாஸ்டர் அந்தப் பொறுப்பைக் குமுதவல்லியிடம் விட்டிருந்தார். குமுதவல்லி துணைப் பயிற்சியாளர். அடுத்த வருடம் அணியே அவள் கைக்கு வரப்போகிறது. முதல் முடிவிலேயே சறுக்கினால் வராமலும் போகும். அது அவளுக்கும் தெரியும்.

மாஸ்டரின் பெயர் அமலோற்பவம். பெண்தான். ஆனாலும் அவரை யாரும் வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

உச்சிவேளையில் குமுதவல்லி அரங்கத்துக்கு வந்தாள். வாசல் சுவரில் அவளுடைய படமே ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தது. கல்லூரி நாளில், கடைசி நிமிஷத்தில், கோப்பையை வாங்கித் தந்த கூடையைப் போட்டபோது எடுத்த படம். அவள் அந்தரத்தில் இருந்தாள். பந்து விரல் நுனியில் இருந்தது. பக்கத்தில் ஈ காக்கை இல்லை. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவாள். அன்றும் தாண்டிப் போனாள்.

மாஸ்டர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு?"

"ராக்கினி."

"ஏன்?"

"கூடை போட மாட்டேங்கா. பந்தே அவ கைக்கு வர மாட்டேங்கு. போன சீசன் டிவியில பாருங்க, எங்க நிக்கான்னே தெரியாது. கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்தாலும் அவ பேருக்கு நேரா ஒண்ணும் இல்ல. கூட்டத்துல ஒருத்தன் கேக்கான், இந்தப் பிள்ள பந்து பொறுக்கிப் போட வந்ததான்னு."

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"இங்கிருந்து போனா அவள எந்த டீம் எடுக்கும்?"

"யாரும் எடுக்க மாட்டாங்க மாஸ்டர். அதுக்கு நான் என்ன செய்ய?" குமுதவல்லியின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அவ என்னதான் செய்யுதா? நீங்களே சொல்லுங்க. சொன்னா பேரை மாத்திடுதேன்."

மாஸ்டர் விசில் ஊதினார். பெண்கள் வந்து நின்றார்கள். ராக்கினி கடைசியில் நின்றாள். அவள் எப்போதும் நிற்கிற மாதிரிதான், கால்களை அகட்டி, இரண்டு கையையும் மார்போடு குறுக்கே கட்டிக்கொண்டு.

"நீ மேல கேலரியில போய் உக்காரு," என்றார் மாஸ்டர்.

ராக்கினி படியேறிப் போய்த் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"அவ இடத்துல யார விடட்டும்?" என்று கேட்டாள் குமுதவல்லி.

"யாரையும் விடாத. அவள அனுப்பணும்னுதானே சொல்லுத? அந்த இடம் சும்மா கெடக்கட்டும்."

அணியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் நான்கு பேர், மறுபக்கம் ஐந்து பேர். மற்றவர்கள் வெளியே உட்கார்ந்தார்கள்.

ஐவர் பக்கம் இருந்த பெனிட்டாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாலு பேர மடக்க அஞ்சு பேரா மாஸ்டர்? நான் வேணா உக்காந்துக்கவா?"

"ஆடு."

ஆட்டம் தொடங்கியது. நால்வர் பக்கம் நித்திலா பந்துக்காக ஓடினாள். அணியில் அதிகம் கூடை போடுகிறவள் அவள்தான். அவள் முதுகில் ஒட்டியது மாதிரி பெனிட்டா துரத்தினாள்.

"லெஃப்ட்! லெஃப்ட்!" என்று பின்னாலிருந்து கத்தினாள், பெனிட்டா பக்கம் ஆடிய செண்பகம்.

ஒருத்தியைத் துரத்தி ஓடுகிறவளுக்குப் பக்கவாட்டில் என்ன வருகிறது என்று தெரியாது. எதிராளி ஒருத்தி சுவர் மாதிரி வந்து வழியில் நின்றுவிடுவாள். நிற்பது எந்தப் பக்கம் என்று கூட ஆடுகிறவள்தான் கத்திச் சொல்ல வேண்டும். எந்த அணியிலும் அதுதான் வழக்கம்.

பெனிட்டா இடது தோளை ஒடுக்கிக்கொண்டு வளைந்து ஓடினாள். அந்த ஒரு கணம் போதும். நித்திலா நின்று நிதானமாகப் பந்தைப் போட்டாள்.

பந்து வலைக்குள் விழுந்த பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இடது பக்கத்தில் யாரும் இல்லை.

"ஏட்டி செண்பகம், யாரப் பாத்துக் கத்துன?"

"தெரியல. வாய் தானா கத்திட்டு."

"மத்தியானத்துல எவளோ உன்னப் பிடிச்சிட்டா போல."

நான்கைந்து பேர் சிரித்தார்கள். பெனிட்டா சிரிக்கவில்லை. அவள் இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன்ட்டி தோளத் தேய்க்க?"

"இடிச்சுதே." அவள் கை நின்றது. "இடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

அதற்கு மேல் ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஆடுங்க," என்றார் மாஸ்டர்.

ஆடினார்கள். மறுபடியும் நித்திலா ஓடினாள். மறுபடியும் பெனிட்டா ஒன்றுமில்லாத இடத்துக்கு முன்னால் தயங்கி, அதைச் சுற்றிக்கொண்டு போனாள். இந்தத் தடவை செண்பகம் கத்தவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூடைக்குக் கீழே பந்து துள்ளி வந்தபோது உயரமான பெண் ஒருத்தி அதைப் பிடிக்கப் போனாள், யாரோ இடுப்பால் அடைத்த மாதிரி பாதியில் நின்றாள், பந்து நால்வர் பக்கமே போய்ச் சேர்ந்தது. ஆடுகளத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு ஓர் இடம் காலியாக அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. ஐந்து பேரும் அதை மிதிக்காமல் ஓடினார்கள்.

குமுதவல்லி மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் காலியான அந்த இடத்தை மட்டும் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் மாறியது. பெனிட்டாவின் தயக்கம் குறைந்தது. வளைந்து ஓடினவள் நேராக ஓடினாள். காலியிடத்துக்குள் ஒருத்தி கால் வைத்தாள், அப்புறம் இன்னொருத்தி. நித்திலா எங்கே திரும்பினாலும் இரண்டு பேர் நின்றார்கள். அவள் போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. அடுத்ததைக் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டார்கள்.

"அக்கா!" என்று நித்திலா குமுதவல்லியைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் எம்மேலயே வந்து விழுதாளுவ! எனக்கு இன்னைக்கு என்னமோ கை ஓடல."

"இப்பதான் போறா," என்றார் மாஸ்டர், மெதுவாக.

"யாரு மாஸ்டர்?"

"நீ அனுப்பினவ."

குமுதவல்லி அண்ணாந்து பார்த்தாள். கேலரியில், தூணுக்குப் பின்னால், ராக்கினி உட்கார்ந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. ஒரு கையால் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள்.

தகரக் கூரைக்கு அடியில் இந்த வெயிலில் யாருக்கும் வேர்க்கும் என்று குமுதவல்லி தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு மூச்சு வாங்குமா?

மாஸ்டர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். பெண்கள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். காலியாக இருந்த இடத்தை மிதித்துக்கொண்டுதான் போனார்கள்.

"குமுதா, உன் கோப்பை ஆட்டத்துல கடைசிக் கூடை. உன்னத் துரத்திட்டு வந்தவ எங்க போனா?"

"பின்தங்கிட்டா. நான் அன்னைக்கு அப்படி ஓடினேன்."

"அவ ஓட்டப்பந்தயத்துல மாநிலத்துக்கே மொதல்ல வந்தவ."

இத்தனை வருடம் குமுதவல்லி அந்தக் கூடையைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறாள், பேட்டி கொடுத்திருக்கிறாள். துரத்தினவளைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

"அன்னைக்கு நம்ம பக்கம் ஆடுன அஞ்சு பேரச் சொல்லு."

"நான். புனிதா. லூர்து. பொன்மலர்." நின்றாள். "பிரிட்டாவுக்கு அன்னைக்குக் காய்ச்சல்."

"அவளுக்குப் பதிலா?"

"ஒருத்தி வந்தா. வேற காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து கூட்டிட்டு வந்தோம். பரிசு குடுக்கும்போது அவ இல்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டா."

"எப்படி இருப்பா?"

குமுதவல்லி யோசித்தாள். அவள் போட்டிருந்த சட்டை ஞாபகம் வந்தது. சட்டைக்கு மேலே முகம் வரவில்லை.

மாஸ்டர் எழுந்து வாசலுக்கு நடந்தார். குமுதவல்லி பின்னால் போனாள். இருவரும் படத்துக்கு முன்னால் நின்றார்கள்.

"பாரு."

"தினமும் பாக்குத படம்தானே மாஸ்டர்."

"உன்ன விட்டுட்டுப் பாரு."

அவள் தன் முகத்தை விட்டாள். பந்தை விட்டாள். கண் மெல்லக் கீழே இறங்கித் தரைக்கு வந்தது. தரையில் அவளுடைய நிழல் நீளமாகக் கிடந்தது, தாவிய கால்களோடும் தூக்கிய கையோடும். அதற்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்திலிருந்து உள்ளே வந்து, இன்னொரு நிழல் கிடந்தது. அது தாவவில்லை. கால்களை அகட்டி, இரண்டு கையையும் மார்போடு குறுக்கே கட்டிக்கொண்டு நின்றது.

குமுதவல்லி திரும்பி அரங்கத்துக்குள் பார்த்தாள். கேலரி இங்கிருந்து தெரியவில்லை.

"விளக்கு ரெண்டு இருந்தா ஒரே ஆளுக்கு நிழலும் ரெண்டு விழும் மாஸ்டர்." அந்தக் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"சாயங்கால ஆட்டம். திறந்த மைதானம். சூரியன் ஒண்ணுதான் குமுதா."

அவள் கையில் இருந்த போன் அடித்தது. மேனேஜர்.

"என்ன மேடம், பேரு முடிவாயிட்டா?"

"இல்ல சார். இருட்டுறதுக்குள்ள சொல்லுதேன். ஆனா வெளிய அனுப்புத பேரு ராக்கினி இல்ல."

"ராக்கினியா?" என்றார் மேனேஜர். "அது யாரு?"

குமுதவல்லி போனை அணைத்தாள்.

உள்ளே பந்து தரையில் தட்டுகிற சத்தம் மறுபடியும் கேட்கத் தொடங்கியிருந்தது. அவள் படத்துக்குப் பக்கத்தில் போய், அந்த இரண்டாவது நிழலை நோக்கி விரலை நீட்டினாள். தொடவில்லை.

"மாஸ்டர், இவ பேரு என்ன?"

மாஸ்டர் குனிந்து அந்த நிழலைப் பார்த்தார்.

"தெரியல," என்றார். "நானும் அன்னைக்குப் பந்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."