சோஜுவுக்குத் துணை கிடைத்த கதை

அந்தக் காலத்தில் மழைக்கும் மனிதர்களுக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை இருந்தது. வேண்டுமென்றால் போய்க் கேட்கலாம், போதுமென்றால் நிறுத்தச் சொல்லலாம். பறவைகளும் வாய் திறந்து பேசிய காலம் அது. அதனால் தகவல் சொல்லிவிட்டு வர ஆளுக்கும் பஞ்சமில்லை.

கொரியா நாட்டில், மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். ஊருக்கு மேற்கே ஒரு குளம். குளத்துக்குள் மழைநாகம் குடியிருந்தது. கொம்பு, மீசை, நாலு கால் எல்லாம் வைத்த பெரிய நாகம். குளிர்காலம் முழுக்க உறைந்த தண்ணீருக்கு அடியில் பட்டினி கிடக்கும். நாற்று விடுகிற சமயத்தில் தலையை வெளியே நீட்டும். ஊரார் ஏழு தட்டுப் பலகாரமும் ஒரு ஜாடி சோஜுவும் கொண்டுபோய் வைப்பார்கள். தின்று குடித்து ஒரு ஏப்பம் விட்டு மேகத்தில் ஏறினால், அந்த வருஷத்து மழை தொடங்கிவிடும்.

சோஜு என்பது அரிசியில் வடிக்கிற சாராயம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். தொண்டையில் இறங்கும்போதுதான் தான் யார் என்று சொல்லும். அந்த ஊரில் அதை வடித்தவள் தல்லே. நாற்பது வயது, தனிக்கட்டை. அவளிடம் சாராயம் வடிக்கிற, இடுப்பு ஒடுங்கிய மண்வாலை ஒன்று இருந்தது. அதன் மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல ஆளில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அவளுக்கு ஒரே ஒரு தோழி. கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வாலோடு, காக்கை இனத்துப் பறவை ஒன்று. அந்த இனத்துக்கே காச்சி என்றுதான் பெயர். வாய் ஓயாது, வயிறும் நிறையாது.

அந்த வருஷம் படையலன்று ஊர்த்தலைவர் தொக்பே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, தல்லே குறுக்கே வந்து நின்றாள்.

"இதெல்லாம் எதுக்குத் தலைவரே?"

"தொட்டுக்கத்தான். எப்பவும் வைக்கிறதுதானே?"

"என் சோஜுவை வாயில் வச்ச நாக்குல முள்ளங்கியைத் தேய்க்கிறதா? நல்ல சரக்குக்குத் துணை எதுக்கு? அது தன் காலிலேயே நிக்கும்."

சொன்னதோடு விடாமல், ஏழு தட்டையும் தன் கையாலேயே ஓரமாகத் தள்ளினாள். தள்ளிய தட்டுகளை வீணாக்கக் கூடாது என்று காச்சி பொறுப்பாக எடுத்துக்கொண்டது.

நாகம் தலையை நீட்டிச் சுற்றுமுற்றும் பார்த்தது. தட்டைக் காணோம். மூன்று மாதப் பட்டினி வயிறு. இருந்த ஒரு ஜாடியை அப்படியே கவிழ்த்தது. "அடடா, அருமை" என்றது. கண் செருகியது. அப்படியே சறுக்கிக் குளத்தின் அடியில் போய்ப் படுத்ததுதான். அப்புறம் மேலே வந்தவை குறட்டைக் குமிழிகள் மட்டுமே.

பத்து நாள் போயிற்று. இருபது போயிற்று. நாற்பதாவது நாள் நாற்றங்காலில் நாற்று பழுத்துப்போய் நின்றது. நடவு வயலில் பாளம் பாளமாக வெடிப்பு. தொக்பே தல்லே வீட்டு வாசலில் வந்து செருமினார்.

"தல்லே, எனக்கு உன்மேல கோபம் இல்லம்மா. ஆனா ஊருக்கு இருக்கு. மூணு நாள் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள மழை வரலேன்னா வாலையை உடைச்சிட்டு உன்னை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுவிடச் சொல்லிட்டாங்க. உடைக்கவேண்டியது நான்தான்."

"மூணே நாளா?" என்றாள் தல்லே. அடுப்பை அணைத்துவிட்டுக் குளத்தைப் பார்க்க நடந்தாள்.

முதல் நாள் குளக்கரையில் நின்று கூப்பிட்டாள். கெஞ்சினாள். பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டினாள். குமிழிகள் தாளம் தப்பாமல் வந்துகொண்டிருந்தன.

"இன்னும் கொஞ்சம் தட்டு. தாலாட்டு நல்லா இருக்குன்னு நினைக்கிறார் போல" என்றது காச்சி.

இரண்டாம் நாள் தின்பண்டத்தால் ஆசை காட்டிப் பார்த்தாள். காய்ந்த மீனைச் சுட்டுப் புகையைத் தண்ணீர்ப்பக்கம் விசிறினாள். பேரிக்காயை அரிந்து மிதக்கவிட்டாள். ஊறவைத்த முட்டைக்கோஸ் ஜாடியைத் திறந்துவைத்தாள். அந்த வாடைக்குக் குளத்துத் தவளைகள் எல்லாம் கரையேறி அடுத்த ஊருக்குப் போய்விட்டன. நாகம் ஒருக்களித்துப் படுத்தது. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தல்லே மூட்டை கட்டிவிட்டாள். இரண்டு துணி, ஒரு கிண்ணம், மீதியிருந்த ஒரு ஜாடி சோஜு. வாலையைச் சாக்கில் சுற்றினாள், பிறகு எதற்கு என்று பிரித்துவிட்டாள். எப்படியும் உடைபடப் போகிறது. குளத்துக்குப் பக்கத்தில் காவல் குடிசை ஒன்று இருந்தது. அதன் கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் வந்துடுவாங்க" என்றாள்.

"சாயங்காலம்தானே? மதியத்துக்கு என்ன?" என்றது காச்சி.

"உனக்கு வயித்தைத் தவிர வேற நினைப்பே கிடையாதா?"

"ஏழு தட்டுத் தின்னதுக்கு அப்புறம் யாரும் எனக்கு ஒண்ணும் போடலையே."

தல்லேவுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போய், கடைசியாகக் கிடந்த பாசிப்பருப்பு மாவையும் அரிசி மாவையும் வழித்துக்கொண்டு வந்தாள். வேலியோரத்தில் வெங்காயத்தாள் மட்டும் எந்த வறட்சிக்கும் அசராமல் நின்றிருந்தது. அதில் ஒரு கட்டு அறுத்தாள். மூன்று கல் கூட்டி, இரும்புப் பானையின் மூடியைக் கவிழ்த்துவைத்தாள். நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். இனி மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் வெங்காயத்தாளை நீளவாக்கில் பரப்பி, மேலே மாவை ஊற்றினாள்.

சொர்ரென்று எழுந்தது சத்தம். முதலில் நாலைந்து தூறல் விழுகிற மாதிரி. அப்புறம் ஓலைக்கூரையில் அடிக்கிற மாதிரி. மாவு பரவப் பரவ, சோவென்று ஒரே சீராக, ஐப்பசி அடைமழை மாதிரி.

குளத்தில் குமிழி நின்றது.

அசந்து தூங்குகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் புரண்டு படுப்பான். அவன் வேலையை வேறு யாரோ செய்கிற சத்தம் கேட்டால், எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுந்து உட்காருவான். நாகம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. மீசையெல்லாம் பாசி.

"யாரது? என் வானத்துல யார் பெய்யறது? எனக்குப் போட்டியா வடக்கு மலைக்காரன் வந்துட்டானா?"

"வடக்கு மலைக்காரன் இல்லை," என்றது காச்சி, "வெங்காயத்தாள்."

நாகம் அண்ணாந்து பார்த்தது. வானம் வெளுத்துக் கிடந்தது. குனிந்து வயலைப் பார்த்தது.

"எத்தனை நாளாச்சு?"

"நாப்பத்திமூணு" என்றாள் தல்லே. "தப்பு உங்களுது இல்லைங்க. வெறும் வயித்துல ஊத்தினவ நான்."

"இப்பவே ஏறிடறேன்" என்று எம்பியது நாகம். பாதி உயரத்தில் தலை சுற்றித் தொப்பென்று கரையில் விழுந்தது. "முடியலையேம்மா. குடல் காய்ஞ்சு கிடக்கு."

தல்லே அடையைப் பிய்த்து, காடி கலந்த உப்புச்சாற்றில் தொட்டு நீட்டினாள். ஓரமெல்லாம் முறுகல், நடுவில் மெத்தென்று வெங்காயத்தாளின் தித்திப்பு. நாகம் மென்றது. மென்றுகொண்டே ஜாடியைப் பார்த்தது.

"அதுல ஒரு வாய் கிடைச்சா ஏறிடுவேன்."

தல்லேவின் கை ஜாடிமேல் நின்றுவிட்டது. கொடுத்தால் மறுபடி தூங்கிவிட்டால்? கொடுக்காவிட்டால் ஏற முடியாவிட்டால்? யோசித்தவள், முதலில் தானே ஒரு துண்டு அடையைத் தின்று, தானே ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள்.

இத்தனை வருஷம் வடித்தவளுக்கு அது புதுசாக இருந்தது. எண்ணெய் நாக்கில் விரித்த பாயில் சோஜு வந்து உட்கார்ந்தது. எரியவில்லை. எண்ணெயின் கனத்தைச் சோஜு கழுவிக்கொண்டு போயிற்று. அடுத்த துண்டுக்கு வாய் தானாகத் திறந்தது. கடைசியில், புதுச் சோற்றில் எழுகிற வாசனை மெல்ல மேலே வந்தது. அது அங்கேயே இருந்திருக்கிறது. எரிச்சலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறது. பாவம், தனியாகவே விட்டுவிட்டோமே என்று நினைத்தாள்.

நாகம் ஜாடியை நோக்கிக் காலை நீட்டியது.

"அதை நீங்க தொடக்கூடாது," என்றாள் தல்லே. "நான்தான் ஊத்துவேன். ஒரு துண்டு, ஒரு கிண்ணம். துண்டு முடியாம கிண்ணம் வராது."

"அவளுக்கு யார் ஊத்தறது?" என்றது காச்சி.

"நான் ஊத்தறேன்" என்றது நாகம். அதன் நகத்தில் அந்தக் கிண்ணம் நெல்மணி அளவுக்குத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊற்றியது.

மூன்றாவது துண்டுக்கும் மூன்றாவது கிண்ணத்துக்கும் பிறகு அதன் கண்ணில் பளபளப்பு வந்தது. குளத்தில் மிதந்த பேரிக்காய்க் கீற்று ஒன்றால் வாயைக் குளிர்த்திக்கொண்டது. வாலை ஒரு சுழற்று சுழற்றி மேலே போயிற்று. போன இடத்தில் வானம் கறுத்தது.

தொக்பே வாலையை உடைக்கக் கையில் மரக் கொட்டாப்புளியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். பாதி வழியில் முதல் துளி அவர் மூக்கில் விழுந்தது. குடிசைக்கு வந்து சேர்ந்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கொட்டாப்புளியைக் கூரைக்கு வெளியே வைத்தார். வெளியே சோவென்று மழை, உள்ளே சோவென்று அடை. எது எது என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"இன்னொண்ணு போடுவியாம்மா?" என்றார்.

"போடறேன். கிண்ணத்தை நீட்டுங்க. நீங்களா ஊத்திக்காதீங்க."

மேலேயிருந்து இடி மாதிரி ஒரு குரல் வந்தது. "தல்லே, அந்தச் சத்தத்தை நிறுத்திடாதே. கேட்டுக்கிட்டே இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

அன்று முதல்தான் அந்த நாட்டில் சோஜு தனியாக எந்த மேசைக்கும் வருவதில்லை. பக்கத்தில் ஒரு தட்டாவது இருந்தாக வேண்டும். கிண்ணம் காலியானால் தானே ஊற்றிக்கொள்ளாமல், எதிரே இருப்பவர் ஊற்றட்டும் என்று காத்திருப்பதும் அன்று முதல்தான். மழை இருட்டிக்கொண்டு வந்தால் வீட்டுக்கு வீடு வெங்காயத்தாள் அரிகிற சத்தம் கேட்கும். ஏன் என்று கேட்டால், வாய்க்கு வேண்டியிருக்கிறது என்பார்கள். காச்சிகள் மட்டும் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு, மேலே ஒருவர் தூங்கிவிடாமல் இருக்கத்தான் என்று இன்னமும் கத்திக்கொண்டிருக்கின்றன.