எடை மேடையில் ஒரு மாப்பிள்ளை

கூளப்பட்டியைப் பற்றிச் சொன்னால் நான் அளக்கிறேன் என்பீர்கள். அளக்கிறவன்தான் நான். ஆனால் அந்த ஊர் விஷயத்தில் அளக்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. மூளைக்கு வரி போட்டால், அந்த ஊரிலிருந்து அரசாங்கத்துக்கு ஒரு செல்லாக்காசுகூடத் தேறாது. அப்படிப்பட்ட இடம்.

அந்த ஊர் ஒச்சுவுக்கு மலைமேலே கருங்காட்டுமேட்டில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் செவந்தி. அப்பா வெள்ளைச்சாமி, எஸ்டேட் கங்காணி. அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"சொந்த வீடு இல்லாதவனுக்கு என் பொண்ணு கிடையாது. தாலி கட்டுறதுக்கு முன்னால வீட்டை நான் கண்ணால பார்க்கணும்."

வேறு ஊராக இருந்தால் கங்காணியைக் கூட்டிப் போய் ஏதாவதொரு வீட்டைக் காட்டியிருப்பார்கள். கூளப்பட்டியில் ஒச்சுவின் தாய்மாமன் மொக்கையன் கூட்டம் போட்டார்.

"சம்பந்திக்கு முட்டி வலி. மலையை விட்டு இறங்க மாட்டாரு. அப்ப யாரு ஏறணும்?"

"வீடு ஏறணும்" என்றது கூட்டம் ஒரே குரலில்.

அதனால் சினிமாக்காரர்கள் கழித்துப் போட்ட பழைய கேரவன் ஒன்றை ஏலத்தில் எடுத்தார்கள். நடிகர்கள் உள்ளே உட்கார்ந்து முகம் கழுவிக்கொள்வார்களே, அது. இன்ஜின் கிடையாது, வேறு வண்டியில் மாட்டி இழுக்க வேண்டும். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஏற்றி, கங்காணி குழாயைத் திருகிப் பார்த்தால் தண்ணீர் வரவேண்டுமே என்று தொட்டியையும் முட்ட முட்ட நிரப்பினார்கள். மாப்பிள்ளையும் ஆறு சொந்தக்காரர்களும் உள்ளே ஏறினார்கள். தவசியின் பிக்கப் லாரி முன்னால் இழுத்தது. தவசிக்குப் பக்கத்தில் மொக்கையனும் சன்னாசியும். சன்னாசி ஒரு வாய்க்கால் வழக்கில் பத்தொன்பது வாய்தா சாட்சிக்காகப் போய், ஒருநாளும் கூப்பிடப்படாமல் திரும்பியவர். ஆகையால் ஊருக்குச் சட்டம் தெரிந்தவர் அவர்தான்.

முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. காலை ஏழு மணிக்கு மலையடிவாரச் செக்போஸ்டுக்கு வந்துவிட்டார்கள். அங்கே எடை மேடை. பக்கத்தில் பலகை: 'மலைப்பாதையில் பின்வண்டி இழுத்துச் செல்லும் எடை 1500 கிலோவுக்கு மேல் கூடாது.'

பிரேக் இன்ஸ்பெக்டர் அகிலா கேரவனை மட்டும் மேடையில் நிறுத்தச் சொன்னார். சிவப்பு எழுத்தில் 1640 என்று காட்டியது.

"நூத்தி நாப்பது கிலோ அதிகம். இறக்கிட்டு வாங்க. இல்லேன்னா கொண்டை ஊசி வளைவுல இந்த டப்பா உங்க லாரியையும் சேர்த்துப் பள்ளத்துக்குக் கூட்டிட்டுப் போயிடும்."

மூன்று பேரும் பலகை முன்னால் போய் நின்றார்கள். சன்னாசி விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"என்ன போட்டிருக்கு? 'இழுத்துச் செல்லும் எடை'. தள்ளிச் செல்லும் எடைன்னு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லையே" என்றான் தவசி.

"பின்ன? இழுத்தாத்தான் குத்தம். தள்ளுடா."

லாரியைக் கழற்றிப் பின்னால் கொண்டுபோய், மூக்கால் கேரவனை முட்டித் தள்ளினான் தவசி. முன்னால் திருப்ப ஆளில்லாத வீடு, தன் இஷ்டத்துக்கு நடந்து, ஓரத்தில் இருந்த இளநீர்க் குவியலில் ஏறி நின்றது.

"யோவ்! கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று அரிவாளோடு வந்தான் இளநீர்க்காரன்.

"கண்ணு முன்னாடிதான்யா இருக்கு. வீடு மறைக்குது" என்றான் தவசி.

மறுபடி மேடை. இன்ஸ்பெக்டருக்கு அன்று பொறுமை இருந்தது. தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள நூத்தி நாப்பது லிட்டர் தண்ணி இருக்கு. தொட்டியைக் காலி பண்ணுங்க. சரியாப் போயிடும்."

இவ்வளவு எளிதான யோசனையைக் கூளப்பட்டியில் யாரும் கேட்டதில்லை. உடனே காலி செய்தார்கள். கால் மணி நேரத்தில் மேடைக்கு வந்தார்கள். 1640.

"தொட்டியில தண்ணி இருக்கா?"

"ஒரு சொட்டு இல்ல மேடம். நீங்களே தட்டிப் பாருங்க."

தட்டினார். டங் டங் என்றது.

"அப்ப தண்ணி எங்க?"

"குடத்துல."

"குடம் எங்க?"

"கட்டில் மேல."

"கட்டில்?"

"உள்ளதான். வேற எங்க போகும்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்த வண்டிக்குள்ள தண்ணி குடத்துல இருக்கக் கூடாது, வாளியில இருக்கக் கூடாது, சட்டியில, பானையில, எந்தப் பாத்திரத்துலயும் இருக்கக் கூடாது. விளங்குதா?"

"விளங்குது மேடம்" என்றார் மொக்கையன். "தெளிவாச் சொன்னா நாங்க ஏன் தப்புப் பண்றோம்?"

தண்ணீரைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. பெண் வீட்டுக்கென்று பிடித்த தண்ணீர். மாப்பிள்ளையும் ஆறு சொந்தக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்து குடித்தார்கள். ஆளுக்கு இருபது லிட்டர். ஒரு மனுஷன் அவ்வளவு குடிக்க முடியுமா என்று கேட்பீர்கள். உங்களாலும் என்னாலும் முடியாது. கூளப்பட்டிக்காரனுக்கு வயிறு நிறைந்தால் மீதி தண்ணீர் மண்டைக்குள் போகும். அங்கே எப்போதும் காலி.

குடித்துவிட்டு ஏழு பேரும் கேரவனுக்குள் ஏறினார்கள். மேடை காட்டியது: 1640.

"மெஷின் பழுது" என்றார் சன்னாசி.

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து பார்த்தார். ஏழு பேர் ஏழு பலாப்பழம் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் ஏப்பம் விட்டான்.

"எல்லாரும் இறங்குங்க! பின்வண்டியில ஆள் ஏறுறதே குத்தம். மாப்பிள்ளை, நீயும்தான்யா!"

இறங்கினார்கள். 1040. அவர் சீட்டை அச்சடித்து நீட்டினார். "மேல ஒரு செக்போஸ்ட் இருக்கு. அங்கயும் இதே ஆயிரத்து நாப்பதுதான் காட்டணும். ஒரு ஆளை ஏத்தினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. இவங்களை பஸ்ல வரச் சொல்லுங்க."

கடைசி வாக்கியத்துக்கு முன்னாலேயே லாரி கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியே மொக்கையன் கத்தினார்: "மாப்ளே, உனக்கு அனுமதி இல்லையாம். வீட்டை விட்டுட்டு வர்றேன். நின்ன இடத்துல நில்லு. அசையாத!"

ஒச்சு நின்ற இடம் எடை மேடை. சொந்தக்காரர்கள் மேடைக்கு வெளியே, அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

பத்தேகாலுக்கு வீடு கருங்காட்டுமேட்டை அடைந்தது. வெள்ளைச்சாமி தடியை ஊன்றிக்கொண்டு வந்து சுற்றிப் பார்த்தார். கதவைத் தட்டினார், கட்டிலில் உட்கார்ந்தார். முகத்தில் கொஞ்சம் திருப்தி தெரிந்தது.

"வீடு வந்துடுச்சு. மாப்பிள்ளை எங்கப்பா?"

மொக்கையன் பெருமையோடு சீட்டை நீட்டினார். "கணக்குக்குள்ள அடங்கலை சம்பந்தி. இறக்கிட்டோம்."

"மாப்பிள்ளையை இறக்கிட்டு பீரோவைக் கொண்டு வந்தியா?"

"வீட்டைப் பார்க்கணும்னுதானே சொன்னீங்க? மாப்பிள்ளையைப் பார்க்கணும்னு எப்பச் சொன்னீங்க?"

கங்காணி தடியை ஓங்கியதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். செவந்தி பிடித்துத் தடுத்தாள். மாலையும் கழுத்துமாக நின்றவள் மணியைப் பார்த்தாள். பதினொன்று ஆகப் போகிறது.

"அப்பா, இந்த முகூர்த்தம் தவறினா அடுத்தது ஆவணியில. அதுவரைக்கும் இவங்களோட பேச்சு வார்த்தை நடத்த உங்க உடம்புல தெம்பு இருக்கா? நாமளே கீழ போயிடுவோம். ஏறுங்க லாரியில."

"சரி. வீட்டைக் கழட்டி இங்கயே விடுங்கடா" என்றார் கங்காணி.

"அது முடியாது" என்றார் சன்னாசி. "வீட்டை இங்க விட்டுட்டா, கீழ நிக்கிற மாப்பிள்ளை வீடில்லாதவன் ஆயிடுவான். வீடில்லாதவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

கங்காணி லாரிக் கதவைத் திறந்தார். உள்ளே ஏறி உட்கார்ந்திருந்த சன்னாசியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு செவந்தியும் அப்பாவும் லாரியில் ஏறினார்கள். மொக்கையனும் சன்னாசியும் பின்னால் தொற்றினார்கள். வீடு மறுபடி மலை இறங்கியது.

அடிவாரத்தில் லாரிகள் மைல் நீளத்துக்கு நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மேடையை விட்டு ஒச்சு அசைந்தால்தானே! ஓட்டுநர்கள் கெஞ்சினார்கள், திட்டினார்கள். ஒருவன் தூக்கப் பார்த்திருக்கிறான். ஒச்சு மேடையோடு ஒட்டிக்கொண்டான்.

"மாமா அசையாதன்னாரு."

அவன் ஒருவன் எடையை மேடையின் எண் பலகை காலையில் 80 என்று காட்டியதாம். ஒன்பது மணிக்கு 70. பதினொன்றுக்கு 60. எப்படி இறங்கியது என்று என்னிடம் கேட்காதீர்கள். அவன் அசையவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

மணி பதினொன்று ஐம்பது. செவந்தி நேரே இன்ஸ்பெக்டரிடம் போனாள். "அக்கா, இவரை இங்கேருந்து நகர்த்துறதைவிட நான் அங்க ஏறுறது சுலபம். பத்து நிமிஷம் குடுங்க."

"எட்டு நிமிஷத்துல முடிங்கம்மா" என்றார் அகிலா. அவரே இளநீர்க் கடையிலிருந்து ஒரு தேங்காயும் வாங்கிக் கொடுத்தார்.

செவந்தி மேடையில் ஏறினாள். ஒச்சு தாலி கட்டினான். லாரிக்காரர்கள் நாதஸ்வரத்துக்குப் பதில் ஹாரன் அடித்தார்கள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம். கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். சன்னாசி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாலி கட்டுறதுக்கு முன்னாடி எவ்வளவு காட்டுச்சு?"

"நூத்திப் பத்து" என்றான் தவசி.

"கட்டின பிறகு?"

"நூத்திப் பத்து."

சன்னாசி கையைப் பிசைந்தார். "ஒண்ணு ஏறினா எடை கூடும்னு மேடம் காலையிலேருந்து படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. எடை கூடலை. அப்ப கல்யாணம் ஏறலை."

"யோவ், தாலி எட்டு கிராம்யா! இது லாரி நிறுக்கிற மேடை, பத்துப் பத்தாத்தான் காட்டும்!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"அதிகாரி பேச்சு மாறக் கூடாது" என்றார் மொக்கையன் வருத்தத்தோடு.

கூளப்பட்டி ஒரு முடிவுக்கு வந்தது. கல்யாணம் தற்காலிகம். மாதா மாதம் இருவரையும் கொண்டுவந்து நிறுத்திப் பார்ப்பது; எடை கூடினால் உறுதி செய்வது. அந்த வீட்டில்தான் குடித்தனம். ஆறு மாதம் நூற்றுப் பத்தே காட்டியது. ஊர் கவலையில் இளைத்தது. ஏழாம் மாதம் செவந்தி மூச்சு வாங்க ஏறி நின்றாள். நூற்றிருபது! கொட்டடித்து, வெடி போட்டு, லாரிக்காரர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். கல்யாணம் ஏறிவிட்டதாம்.

பிரசவம் ஆகி நாற்பது நாள் கழித்து, பிள்ளையைத் தன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டே செவந்தி ஒச்சுவோடு மேடையில் ஏறினாள். பலகை நூற்றுப் பத்து காட்டியது.

"ஐயையோ, கல்யாணம் கரைஞ்சு போச்சே!" என்று மொக்கையன் மார்பில் அடித்துக்கொண்டார். ஒச்சு விசும்பினான்.

"பதறாதீங்க" என்றார் சட்டம் தெரிந்த சன்னாசி. "எனக்கு வழி தெரியும். மாப்பிள்ளைக்கு ஒரு குடம் தண்ணி கொண்டாங்க."

ஒச்சு பத்து லிட்டரை ஒரே மூச்சில் குடித்தான். நூற்றிருபது. ஊரே கைதட்டியது.

"அசையாத மாப்ளே" என்றார் மொக்கையன்.

ஒச்சு அசையவில்லை. செவந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறாக்கிவிட்டாள். அவன் மட்டும் இன்னும் மேடையில்தான் நிற்கிறான். மொக்கையன் நிறைகுடத்தோடு பக்கத்தில் நிற்கிறார், செவந்தியின் ஐம்பது போக எழுபது காட்டும் பலகையில் எண் இறங்கினால் ஊற்றுவதற்கு.