அழுங்கும் மடக்குக் கத்தியும்

மிருகமும் பறவையும் மட்டுமல்ல, உலையில் அடித்த இரும்புகூட வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கத்திகள் மடங்குவதில்லை. பிடி ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம் என்று எந்நேரமும் நீட்டிக்கொண்டே இருக்கும். உறை என்று ஒன்று வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. காட்டுக்குப் போகிறவர்கள் அதை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள்.

எறும்புதின்னி என்கிறோமே, அந்த அழுங்கும் அன்று வேறு மாதிரி இருந்தது. முதுகெல்லாம் செதில் உண்டு. ஆனால் உடம்பு உலக்கை போல விறைப்பாக இருக்கும். வளையத் தெரியாது. திரும்ப வேண்டுமென்றால் மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் வரும்.

மலையில் நஞ்சன் என்று ஒருவன் இருந்தான். அவன் தங்கை மாசி. மாசியின் புருஷன் சடையன், பாறைத் தேன் எடுப்பதில் கெட்டிக்காரன். அந்த மலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தேனுக்காக ஒருவன் பாறையில் தொங்கினால், மேலே கயிறு பிடிப்பவன் அவனுடைய மச்சானாகத்தான் இருக்க வேண்டும். பெற்ற தகப்பன் பிடிக்கக் கூடாது, கூடப் பிறந்தவனும் பிடிக்கக் கூடாது. தங்கச்சி தாலியை எந்த அண்ணன் அறுப்பான்? அதுதான் கணக்கு. வேறு எந்த மனிதக் கை பட்டாலும் கயிறு கோபித்துக்கொண்டு அறுந்துவிடும் என்று நம்பினார்கள்.

தேன் காலம் தொடங்குவதற்கு முன் நஞ்சன் கத்தி வாங்க அடிவாரத்துக் கொல்லனிடம் போனான். கொல்லன் இரண்டு கத்திகளை எடுத்து வைத்தான். ஒன்று கைவிரல் நீளம், பார்க்க ஒன்றுமில்லை. மற்றது முழங்கை நீளம், மான்கொம்புப் பிடி, முகம் தெரியும் பளபளப்பு.

"சின்னது ஒரு குடுவைத் தேன். பெருசு மூணு குடுவை. கொடி அறுக்க, கிழங்கு சீவ, கயிறு நறுக்க உனக்குச் சின்னதே போதும்ப்பா" என்றான் கொல்லன்.

"இதை இடுப்புல வச்சா மலையே சிரிக்கும்" என்றான் நஞ்சன்.

பெரிய கத்தியை எடுத்தான். ஒரு முடியை ஊதி அதன் மேல் விட்டான். முடி இரண்டாக விழுந்தது. கத்தி வாங்கும்போது அந்தக் காலத்து ஆட்கள் பார்த்ததெல்லாம் அவ்வளவுதான், எப்படி வெட்டுகிறது என்பதை மட்டும். வெட்டாத நேரத்தில் இது எங்கே இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நஞ்சனும் கேட்காமல் மூன்று குடுவைத் தேனைக் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மலையேறினான்.

மறுநாள் காலை மூவரும் பாறைக்குப் போனார்கள். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கொடிக்கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, நடுப்பகுதியைத் தன் இடுப்பைச் சுற்றி விட்டு, பாறையில் காலை உதைத்து உட்கார்ந்தான் நஞ்சன். மறுமுனையில் சடையன் தேன் கூடையோடு தொங்கினான். கீழே மரங்கள் செடி போலத் தெரிந்தன. மாசி இன்னொரு கூடையோடு சற்றுத் தள்ளி நின்றாள்.

"மச்சான், இன்னும் ரெண்டு முழம் விடு, ஒரே ஒரு அடைதான் பாக்கி!" என்று கீழேயிருந்து சடையனின் குரல் வந்தது. குஷியான குரல்.

நஞ்சன் கயிற்றை விட்டான். அப்போது இடுப்பருகே சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. மாசி திரும்பிப் பார்த்தாள்.

இறுகிய கயிற்றுக்கும் நஞ்சன் இடுப்புக்கும் நடுவில் கத்தி மாட்டியிருந்தது, கூர்ப்பக்கம் வெளியே பார்த்தபடி. கயிறு நழுவ நழுவ அதன் மேல்தான் உரசிப் போயிருக்கிறது. ஒரு புரி அறுந்து நூல்நூலாகப் பிரிந்து கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது புரியும் தெறித்தது.

"அண்ணா! கத்தி! கத்தி!"

நஞ்சன் குனிந்து பார்த்தான். இரண்டு கையும் கயிற்றில். ஒரு கையை எடுத்தால் சடையன் போய்விடுவான். கத்தியை உருவினாலோ, உருவும்போதே மூன்றாவது புரியும் போய்விடும்.

"நீ கயித்தத் தொட்றாத தாயி! தொட்றாத!" என்று பதறினான்.

நீட்டிய கையை மாசி இழுத்துக்கொண்டாள். கட்டினவன் உயிர் ஒற்றைப் புரியில் ஆடுகிறது, தொட முடியவில்லை. அவள் கத்தியைப் பார்த்துக் கதறினாள்: "பாவி! நிறுத்து! அறுக்காத!"

கத்தி அமைதியாகச் சொன்னது: "நான் எங்கம்மா அறுக்குறேன்? நான் சும்மாதான் இருக்கேன். நான் சும்மா இருந்தாலே இப்படித்தான். என்ன செஞ்சா அறுக்காம இருக்கலாம்னு எனக்கு யாரும் சொல்லித் தரலையே."

கோபப்படக்கூட அங்கே யாரும் இல்லை.

"என்ன மச்சான், மேல ஒரே சத்தமா இருக்கு?" என்று சடையன் சிரித்தான். "தூக்கு, கூடை நிறைஞ்சிருச்சு!"

"யாராச்சும் வாங்களேன்!" என்று மாசி காட்டைப் பார்த்துக் கூவினாள்.

பக்கத்தில் புற்றைக் கிளறிக்கொண்டிருந்த அழுங்கு தலையைத் தூக்கியது. அது யார் வம்புக்கும் போகாத பிராணி. நேராக வந்தது.

"கயித்துல படக் கூடாதது மனுசக் கைதானே? எனக்கு நாலும் காலு" என்றது.

கயிற்றுக்கும் கத்திக்கும் நடுவே மூக்கை நுழைத்தது. உடம்பையும் நுழைத்தது. ஆனால் அலகு முழங்கை நீளம்; விறைத்த உடம்பு ஒரு பக்கத்தை மறைத்தால் மறுபக்கம் கயிற்றைத் தொட்டது. அழுங்கு ஒரு கணம் யோசித்தது. பிறகு, பிறந்ததிலிருந்து வளையாத தன் முதுகை வளைத்தது. மளமளவென்று எலும்பு நெரியும் சத்தம் கேட்டு மாசி காதைப் பொத்திக்கொண்டாள். தலையை வாலுக்குள் செருகி, கத்தி முழுவதையும் உள்ளே வைத்துச் சுருண்டுவிட்டது. வெளியே செதில். உள்ளே வயிறு. வயிற்றில் செதில் கிடையாது.

நஞ்சன் இழுத்தான். செதில் மேல் கயிறு வழுக்கி வழுக்கி ஏறியது. அறுந்த இடம் நஞ்சனின் கையைத் தாண்டிப் பின்னால் போனது. பாறை விளிம்பில் ஏறிய பிறகுதான், தான் தொங்கியது ஒற்றைப் புரியில் என்று சடையன் பார்த்தான். அவன் கூடையைப் போட்டுவிட்டு மாசியின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அழுங்கு திறக்கவில்லை. கூப்பிட்டார்கள், தட்டினார்கள், அழுதார்கள். வெகுநேரம் கழித்துச் சுருள் மெல்லத் தளர்ந்தது. கத்தி கீழே விழுந்தது. அழுங்கின் வயிற்றில் நீளமாக ஒரு கீறல். அது ஒரு வார்த்தையும் பேசாமல் காட்டுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அது பேசி யாரும் கேட்டதில்லை.

கத்திதான் பேசியது, அதுவும் கடைசியாக: "அறுக்காம இருக்க ஒரு இடம் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எனக்கும் அப்படி ஒண்ணு பண்ணிக் குடுங்க."

நஞ்சன் அன்றே அடிவாரத்துக்கு ஓடினான். நடந்ததைக் கேட்ட கொல்லன், முழங்கை நீள அலகு எந்தப் பிடிக்குள்ளும் அடங்காது என்று, நஞ்சன் முன்பு வேண்டாம் என்ற சின்னக் கத்தியைப் பிடியிலிருந்து கழற்றினான். பிடியை நடுவில் பிளந்து, ஓர் ஆணி அடித்து, அலகு உள்ளே மடங்கிப் படுக்கும்படி செய்து கொடுத்தான். நஞ்சன் அதை முடி விட்டுப் பார்க்கவில்லை. பத்துத் தடவை திறந்தான், பத்துத் தடவை மூடினான், மூடியதை உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். கையில் கீறல் விழவில்லை என்று பார்த்த பிறகுதான் வாங்கினான்.

அன்று முதல்தான் காட்டுக்குப் போகிறவர்கள் கத்தியை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். மடங்குகிறதா என்று பார்த்த பிறகே வெட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். அன்று முதல்தான் அழுங்கும் மனிதனைக் கண்டால் சுருண்டுகொள்கிறது. நாம் கத்தியை மடித்துவிட்டோம் என்று அதனிடம் போய்ச் சொல்ல இன்றுவரை யாருக்கும் வாய் வரவில்லை. ஏனென்றால் செதிலுக்காக அதைத் தேடிப் போகிற நம் ஆட்களில் பலர் கத்தியை இன்னும் மடிக்கவில்லை.